மாமி கையில் மஞ்சப்பை... நகை வாங்கினாரா? - போட்டித் தேர்வின் ‘இன்ஃபரன்ஸ்’ கேள்விகளில் தப்பிப்பது எப்படி?

முதலில் ஒரு சின்னக் கேள்வி. மனசுக்குள் பதில் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

‘ஆடிப்பெருக்கு அன்று எங்கள் கடையில் நகை வாங்கிய எல்லோருக்கும் மஞ்சப்பை கொடுத்தோம்’ என்கிறார் ஒரு நகைக்கடைக்காரர். மறுநாள் காலை, எதிர்வீட்டு மாமி அந்தக் கடையின் மஞ்சப்பையோடு காய்கறி வாங்கப் போகிறார். மாமி ஆடிப்பெருக்கு அன்று நகை வாங்கினாரா?

‘ஆமாம்’ என்று சொல்லத்தான் வாய் வரும். எத்தனை பவுன் இருக்கும் என்றுகூடச் சிலர் யோசிக்க ஆரம்பித்திருப்பீர்கள். ஆனால், நகை வாங்கியவர்களுக்குப் பை கொடுத்தோம் என்று மட்டும்தான் கடைக்காரர் சொன்னார். பை வைத்திருப்பவர்கள் எல்லோரும் நகை வாங்கியவர்கள் என்று அவர் சொல்லவே இல்லை. சும்மா விலை கேட்க வந்தவருக்கும் கொடுத்திருக்கலாம். மாமிக்கு அவருடைய தங்கை கொடுத்திருக்கலாம். ஆகவே சரியான பதில், ‘சொல்ல முடியாது’ என்பதுதான்.

வங்கித் தேர்வு, சிவில் சர்வீஸ் தேர்வு, எம்.பி.ஏ-வுக்கான கேட், சட்டப் படிப்புக்கான கிளாட் என்று எந்தத் தேர்வை எடுத்தாலும் இந்த மஞ்சப்பை வேறு வேறு வேஷத்தில் வந்து நிற்கும். ‘கொடுக்கப்பட்ட தகவலிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம்?’ என்று கேட்பார்கள். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘இன்ஃபரன்ஸ்’ என்கிறார்கள். தமிழில் அனுமானம்.

ஒரு தாளே இதில் தொங்குகிறது!

யூ.பி.எஸ்.சி நடத்தும் சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வில் இரண்டாம் தாளுக்கு ‘சி-சாட்’ என்று பெயர். 2011-ல் அறிமுகமானது. 2 மணி நேரம், 80 கேள்விகள், 200 மதிப்பெண். 2015 முதல் இது வெறும் தகுதித் தாள்தான். 33 சதவிகிதம் எடுத்தால் போதும். அதாவது 66 மதிப்பெண். ‘அவ்வளவுதானே’ என்று தோன்றும். ஆனால் அதை எடுக்காவிட்டால், பொது அறிவுத் தாளில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் பயனில்லை.

இந்தத் தாளில் சரியான விடைக்கு 2.5 மதிப்பெண். தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.83 கழிக்கப்படும். மூன்று தவறான விடைகள் ஒரு சரியான விடையைச் சாப்பிட்டுவிடும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருப்பதால், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மொழி ஒரு சுமை, தருக்கம் இன்னொரு சுமை. மொழிச் சுமைக்கு ஆங்கிலம்தான் படிக்க வேண்டும். ஆனால், தருக்கத்தைத் தாய்மொழியிலேயே பழகிவிடலாம். அது எந்த மொழியில் வந்தாலும் மாறாது. டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 எழுதுபவர்களுக்கும் இது உதவும். அங்கே 25 கேள்விகள் திறனறிவுப் பகுதியிலிருந்து வருகின்றன.

அம்பு ஒரு பக்கம்தான் பாயும்

மஞ்சப்பைக்குத் திரும்புவோம். ‘நகை வாங்கினால் பை உண்டு’ என்ற ஒரே வாக்கியத்திலிருந்து நான்கு விதமாக யோசிக்க முடியும்.

1. மாமி அன்று நகை வாங்கினார். ஆகவே பை கிடைத்திருக்கும். - சரி.

2. மாமியிடம் பை இருக்கிறது. ஆகவே நகை வாங்கியிருக்கிறார். - தவறு.

3. மாமி நகை வாங்கவில்லை. ஆகவே பை கிடைத்திருக்காது. - தவறு.

4. மாமிக்கு அன்று பை கிடைக்கவில்லை. ஆகவே அவர் நகை வாங்கவில்லை. - சரி.

முதலாவதும் நான்காவதும் மட்டுமே நிற்கும். நடுவில் இருக்கும் இரண்டும் பார்க்கச் சரிபோலத் தெரியும் பொறிகள். தேர்வில் ‘ஆல்’ என்று வந்தாலும், ‘இஃப்’ என்று வந்தாலும், பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்: நகை → பை. அம்பு பாயும் திசையில் போகலாம். திரும்பி வர வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ‘இல்லை’ சேர்க்க வேண்டும்: பை இல்லை → நகை இல்லை.

இது சின்ன விஷயம்போலத் தோன்றினாலும் பெரிய படிப்பு படித்தவர்களும் இதில் வழுக்குகிறார்கள். பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1966-ல் வெளியிட்ட அட்டைச் சோதனை உலகப் புகழ் பெற்றது. அதைத் தமிழ் எழுத்தில் போட்டுப் பார்ப்போம்.

மேஜையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்கள் கண்ணுக்குத் தெரிவது: அ, க, 4, 7. ‘ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால், மறுபக்கத்தில் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்பது விதி. இந்த விதி மீறப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்?

பெரும்பாலோர் சொல்லும் பதில் ‘அ, 4’. சரியான பதில் ‘அ, 7’. 4-க்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி உடையாது. இரட்டைப்படை எண்ணுக்குப் பின்னால் உயிரெழுத்துதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆனால் 7-க்குப் பின்னால் ‘ஆ’ இருந்துவிட்டால் விதி காலி. வேசனின் சோதனையில் மிகச் சிலரே இதைச் சரியாகச் சொன்னார்கள்.

இப்போது அதே கணக்கை நம் ஊர் சாலைக்குக் கொண்டுவருவோம். ‘வண்டி ஓட்டுபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும்’ என்பது விதி. நீங்கள் டிராஃபிக் போலீஸ். எதிரே நான்கு பேர்: வண்டி ஓட்டி வந்தவர், பின்னால் உட்கார்ந்து வந்தவர், கேட்பதற்கு முன்பே லைசென்ஸை நீட்டுபவர், ‘என்கிட்ட லைசென்ஸே இல்ல சார்’ என்பவர். யார் யாரை விசாரிப்பீர்கள்?

ஓட்டி வந்தவரிடம் லைசென்ஸ் கேட்பீர்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் ‘நீ வண்டி ஓட்டினியா?’ என்று கேட்பீர்கள். மற்ற இருவரையும் அனுப்பிவிடுவீர்கள். இதற்கு யாரும் தடுமாறுவதில்லை. ஆனால் இது அதே அட்டைக் கணக்குதான்! அ-வுக்குப் பதில் ஓட்டுநர், 7-க்குப் பதில் லைசென்ஸ் இல்லாதவர். 1982-ல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மது அருந்தும் வயது பற்றிய விதியாக மாற்றி இதே சோதனையைக் கொடுத்தபோது, பெரும்பாலான மாணவர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

இதிலிருந்து தேர்வுக்கு ஓர் உத்தி கிடைக்கிறது. கேள்வியில் வாயில் நுழையாத விஷயம் வந்தால், அதே அமைப்பில் உங்களுக்குப் பழகிய ஆட்களையும் பொருட்களையும் போட்டுப் பாருங்கள். முடிச்சு சட்டென்று அவிழும்.

அடுக்களையில் ஒரு தருக்கப் பாடம்

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். மணிமேகலையின் 29-வது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கப் பாடமே நடத்துகிறார். ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது’ என்பது அதில் வரும் உதாரணம். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதற்கு அங்கே காட்டப்படும் சான்று, நம் வீட்டு அடுக்களை. முடிவு, அதற்கான காரணம், எடுத்துக்காட்டு என்று வரிசையாகப் பிரித்து, எங்கெங்கே பிழை வரும் என்றும் சொல்லித் தருகிறது அந்தக் காதை. தவறான காரணத்துக்கு அங்கே வழங்கும் பெயர் ‘போலி’. எவ்வளவு பொருத்தமான சொல்! அசல்போலவே இருக்கும், அசல் இல்லை.

இங்கேயும் அம்பு ஒரு பக்கம்தான் பாய்கிறது. புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டா? உங்கள் வீட்டு கேஸ் அடுப்பைப் பாருங்கள்.

தெரிந்ததை வாசலில் விட்டுவிடுங்கள்

‘எல்லாப் பறவைகளும் பறக்கும். நெருப்புக்கோழி ஒரு பறவை. ஆகவே நெருப்புக்கோழி பறக்கும்.’ இந்த முடிவு பொருந்துமா?

‘நெருப்புக்கோழி பறக்காதே’ என்று பொது அறிவு சொல்லும். ஆனால் தேர்வில் இது பொருந்தும் முடிவுதான். கொடுக்கப்பட்ட இரண்டு வாக்கியங்களும் உண்மை என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது கட்டாயம் வந்தே தீரும். கேள்வி கேட்பவர் உலக நடப்பைச் சோதிக்கவில்லை. வாக்கியத்திலிருந்து வாக்கியத்துக்குப் போகும் பாதையைச் சோதிக்கிறார்.

நிறையப் படித்தவர்களுக்குத்தான் இது அதிகக் கஷ்டம். பத்தியில் இல்லாத, ஆனால் நிஜத்தில் உண்மையான ஒரு வாக்கியத்தை நான்கு விடைகளில் ஒன்றாக வைத்திருப்பார்கள். செய்தித்தாளில் நேற்று படித்தது நினைவுக்கு வரும். கை தானாக அங்கே போகும். கோயிலுக்குள் போகும்போது செருப்பை வாசலில் விடுவதுபோல, இந்தக் கேள்விக்குள் போகும்போது பொது அறிவை வெளியே விட்டுவிடுங்கள். முதல் தாளுக்கு அது வேண்டும், இங்கே வேண்டாம்.

‘சில’ என்றால் எத்தனை?

‘சில பேர் சாப்பிட்டார்கள்’ என்று வீட்டில் சொன்னால், மற்றவர்கள் சாப்பிடவில்லை என்று புரிந்துகொள்வோம். தருக்கத்தில் அப்படி இல்லை. ‘சில’ என்றால் குறைந்தது ஒன்று. எல்லாமாகவும் இருக்கலாம். ஆகவே ‘சில மாணவர்கள் தேர்ச்சி பெற்றார்கள்’ என்பதிலிருந்து ‘சில மாணவர்கள் தோற்றார்கள்’ என்ற முடிவு வராது. ஆனால், வங்கித் தேர்வுகளில் ‘ஒன்லி எ ஃப்யூ’ என்று வந்தால் கதை வேறு. அங்கே ‘சில ஆம், சில இல்லை’ என்று இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: ‘எல்லா இட்லியும் வெள்ளை. சில வெள்ளைப் பொருட்கள் கசக்கும். ஆகவே சில இட்லிகள் கசக்கும்.’ இட்லி என்பதால் உடனே சிரித்துவிட்டு ‘தவறு’ என்கிறோம். இட்லிக்குப் பதில் ‘பேனா, புத்தகம், நாற்காலி’ என்று போட்டால் பலர் ‘சரி’ என்று டிக் அடிப்பார்கள். வட்டம் போட்டுப் பாருங்கள். வெள்ளை என்பது பெரிய வட்டம். அதற்குள் இட்லி ஒரு மூலையில். கசப்பு இன்னொரு மூலையைத் தொட்டால் போதும். இரண்டும் சந்திக்கவே வேண்டாம். ஜான் வென் 1880-ல் விளக்கிய அந்த வட்டப்படம் இன்றைக்கும் வங்கித் தேர்வுக்காரர்களின் முதல் ஆயுதம்.

ஒரு பத்தி, நான்கு விடைகள்

இப்போது சி-சாட் பாணியில் ஒரு மாதிரிக் கேள்வி.

‘ஒரு மாவட்டத்தில் 5 ஆண்டுகளில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறிய விவசாயிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. அதே காலத்தில் அந்த மாவட்டத்தின் மொத்த நிலத்தடி நீர்ப் பயன்பாடு குறையவில்லை.’ இதிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம்?

(அ) சொட்டுநீர்ப் பாசனம் தண்ணீரை மிச்சப்படுத்துவதில்லை.

(ஆ) மிச்சமான தண்ணீரில் விவசாயிகள் கூடுதல் நிலத்தில் பயிரிட்டார்கள்.

(இ) சொட்டுநீருக்கு மாறுபவர்கள் அதிகமானால் மட்டுமே மொத்த நீர்ப் பயன்பாடு குறைந்துவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

(ஈ) சொட்டுநீர்ப் பாசனத்துக்கான மானியத்தை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

(அ) அவசரப்படுகிறது. மாறியவர்களின் வயலில் தண்ணீர் மிச்சமாகியிருக்கலாம். வேறு எங்கோ செலவு கூடியிருக்கலாம். (ஆ) புத்திசாலித்தனமான விளக்கம். நிஜத்தில் நடக்கக்கூடியதும்கூட. ஆனால் பத்தியில் கூடுதல் நிலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. (ஈ) ஓர் ஆலோசனை, முடிவு அல்ல. மிச்சம் (இ). மாறியவர்கள் கூடினார்கள், பயன்பாடு குறையவில்லை என்று பத்தியே சொல்லிவிட்டதால், ஒன்று நடந்தாலே மற்றது நடந்துவிடும் என்று சொல்ல முடியாது என்பது கட்டாயம் வந்து சேர்கிறது. பார்க்க உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது அல்லவா? சரியான விடைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. ஒரு விடையைப் ‘பொய்’ என்று வைத்துக்கொண்டு பத்தியைத் திரும்பப் படியுங்கள். பத்தி அப்போதும் உண்மையாக இருக்க முடியுமா? முடியும் என்றால் அந்த விடை விழுந்தது. (ஆ) பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திக்கு எந்தச் சேதமும் இல்லை. (இ) பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, மாறுபவர்கள் அதிகமானாலே பயன்பாடு நிச்சயம் குறையும். பத்தியோடு நேரடியாக மோதுகிறது. ஆகவே (இ) தான்.

‘எப்போதும், மட்டுமே, ஒருபோதும் போன்ற சொற்கள் இருந்தால் அந்த விடையை அடித்துவிடு’ என்று சொல்லித் தருவார்கள். பாதிதான் சரி. மேலே (இ)-யில் ‘மட்டுமே’ இருக்கிறதே! ஆனால் அது ‘முடியாது’ என்ற சொல்லோடு சேர்ந்து வாக்கியத்தை அடக்கமாக்குகிறது. ஒற்றைச் சொல்லைப் பார்க்காமல் முழு வாக்கியத்தின் கனத்தைப் பாருங்கள். பத்தி எவ்வளவு சொல்கிறதோ அதைவிட ஒரு குண்டுமணி அதிகமாகச் சொல்லும் விடை எதுவும் சரியாகாது.

பழமொழியில் மூன்று பொறிகள்

*காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை:* ‘ஊரில் நூலகம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கூடியது. ஆகவே நூலகத்தால்தான் தேர்ச்சி கூடியது.’ ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது மட்டும்தான் நமக்குத் தெரியும். புதிய ஆசிரியர் வந்திருக்கலாம். கேள்வித்தாள் எளிதாக இருந்திருக்கலாம்.

*ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்:* பானைக்கு இது சரி. எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே கொதியில் வேகிறது. ஆனால் ஊர் என்பது பானை இல்லை. பேருந்து நிலையத்தில் 50 பேரிடம் கேட்டுவிட்டு ‘மக்கள் பேருந்துப் பயணத்தையே விரும்புகிறார்கள்’ என்ற முடிவுக்கு வந்தால், கார் வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள்.

*பங்கு குறைந்தால் எண்ணிக்கை குறையுமா?* இதற்குப் பழமொழி இல்லை. ஆனால் தேர்வில் அடிக்கடி வரும். ‘மொத்த விபத்துகளில் இருசக்கர வாகன விபத்துகளின் பங்கு 50 சதவிகிதத்திலிருந்து 40 சதவிகிதமாகக் குறைந்தது. ஆகவே இருசக்கர வாகன விபத்துகள் குறைந்தன.’ ஒரு கற்பனைக் கணக்கு: முதல் ஆண்டில் மொத்தம் 1,000 விபத்துகள், அதில் பாதி 500. மறு ஆண்டில் மொத்தம் 1,500, அதில் 40 சதவிகிதம் 600. பங்கு குறைந்தது, விபத்து 100 கூடியது!

பரீட்சை எழுதாதவர்களுக்கும்...

‘எனக்கு வயசு 60. இனிமேல் நான் என்ன தேர்வு எழுதப்போகிறேன்?’ என்று நினைப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி தினமும் செல்போனில் வருகிறது.

வீடியோ காலில் ஒருவர் காக்கிச் சீருடையில் தோன்றுகிறார். பின்னால் அரசுச் சின்னம். ‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. நீங்கள் டிஜிட்டல் அரெஸ்ட்டில் இருக்கிறீர்கள்’ என்கிறார். பயத்தில் மனம் என்ன கணக்குப் போடுகிறது? ‘போலீஸ் என்றால் சீருடை இருக்கும். இவரிடம் சீருடை இருக்கிறது. ஆகவே இவர் போலீஸ்.’ இது அப்படியே மஞ்சப்பைக் கணக்கு! சீருடையைக் கடையில் தைத்துக்கொள்ளலாம். சின்னத்தை அச்சடித்து மாட்டலாம். இந்தியச் சட்டத்தில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்றே கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கும் இதே வலை உண்டு. ‘உண்மையான அரசு வேலை உத்தரவில் முத்திரை இருக்கும். இந்தக் கடிதத்தில் முத்திரை இருக்கிறது’ என்று நம்பிப் பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். முத்திரை இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். அது நான்காவது வாக்கியம், சரி. முத்திரை இருந்தால் நம்பலாம் என்பது இரண்டாவது வாக்கியம், தவறு.

‘இந்தக் கஷாயம் குடித்தேன், சர்க்கரை குறைந்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வருவதும் அப்படித்தான். அவர் மாத்திரையும் சாப்பிட்டாரா, நடந்தாரா, சோற்றைக் குறைத்தாரா? அதே கஷாயத்தைக் குடித்தும் குறையாதவர்கள் வீடியோ போட மாட்டார்கள். அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால், அங்கே கழிவது 0.83 மதிப்பெண் அல்ல.

நீங்கள் முயன்று பாருங்கள்

கீழே உள்ள முடிவுகளில் எவை பொருந்தும்? பேனாவோடு உட்கார்ந்து வட்டமோ அம்போ போட்டுப் பாருங்கள். வீட்டில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் சுவாரஸ்யம்.

1. எல்லா ஆசிரியர்களும் பட்டதாரிகள். கமலா பட்டதாரி. முடிவு: கமலா ஆசிரியர்.

2. கனமழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை. இன்று விடுமுறை இல்லை. முடிவு: இன்று கனமழை பெய்யவில்லை.

3. இந்த டிப்போவில் சில பேருந்துகள் மின்சாரத்தில் ஓடுபவை. முடிவு: இந்த டிப்போவில் மின்சாரத்தில் ஓடாத பேருந்துகளும் உண்டு.

4. தேர்வு எழுதிய பெண்களில் 70 சதவிகிதமும், ஆண்களில் 60 சதவிகிதமும் தேர்ச்சி பெற்றார்கள். முடிவு: தேர்ச்சி பெற்றவர்களில் பெண்களே அதிகம்.

விடைகள்: 

1 - பொருந்தாது. பட்டதாரிகள் எல்லோரும் ஆசிரியர்கள் என்று சொல்லவில்லை. 

2 - பொருந்தும். அம்பை ‘இல்லை’ சேர்த்துத் திருப்பியிருக்கிறோம். 

3 - பொருந்தாது; ‘சில’ என்பது எல்லாமாகவும் இருக்கலாம். 

4 - பொருந்தாது. 100 பெண்கள் எழுதி 70 பேரும், 200 ஆண்கள் எழுதி 120 பேரும் தேர்ச்சி பெற்றிருக்கலாம்.

நான்கும் சரியென்றால் சபாஷ். ஒன்றிரண்டு தவறினாலும் கவலை வேண்டாம். தினமும் செய்தித்தாளில் ஒரு பத்தியை எடுத்து, ‘இதிலிருந்து என்ன வரும், என்ன வராது’ என்று இரண்டு வரி எழுதிப் பழகுங்கள். எதிர்வீட்டு மாமியைப் பார்த்தால், பவுன் கணக்கை விட்டுவிட்டுப் பையில் என்ன காய் இருக்கிறது என்று மட்டும் விசாரியுங்கள்!